ஒட்டுக்குக் கீழே ஒரு முகம்

போன மாதம் மேல் அலமாரியை ஒழித்தேன். வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், 1996இலும் 97இலும் ஒரு வார இதழுக்கு நான் போட்ட கதைப் படங்கள். படம் வரையும் ஐவரி போர்டு அட்டையின் ஓரமெல்லாம் பழுத்த வாழையிலை நிறத்துக்கு வந்திருந்தது. இந்தியன் இங்க் மட்டும் நேற்றுப் போட்டது மாதிரி கறுகறுவென்று இருந்தது.

அதில் ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் ஏதோ உதிர்ந்து மடியில் விழுந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதத் துண்டு. அதில் ஒரு பெண்ணின் முகம். படத்தைப் பார்த்தேன். வாசற்படியில் கடுதாசியோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு முகம் இருக்கத்தான் செய்தது. வேறு முகம்.

ஒட்டு. அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டியது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனதில் காய்ந்து மஞ்சளாகிப் பிடி விட்டுவிட்டது. ஏன் ஒட்டினேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. கதையில் அந்தப் பெண் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி வந்துவிடுகிறாள். முகத்தை மையால் முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தால் அப்படியே என் அக்கா. அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும், அவள் மாமியார் வீட்டுக்கும் போகும். ராத்திரி பதினோரு மணிக்கு வேறொரு துண்டில் பொதுவான ஒரு முகம் வரைந்து, வெட்டி, மேலே ஒட்டிக் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் 'குடும்பப் பாங்கான முகம்' என்பார்களே, அது.

இப்போது என் வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில்தான். ஓவியம் பழக வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, "கையால போடறதா, கம்ப்யூட்டர்லயா, எது சார் நல்லது?" நானும் வருடக்கணக்காக, "எல்லாம் கருவிதாங்க, கைதான் முக்கியம்" என்று ஒரே பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்பவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். மடியில் விழுந்த அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் பாதிப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் படத்தை உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சடித்த காலத்து ஆர்ட்டிஸ்ட். பெயர் வேண்டாம். அவருக்கே பிடிக்காது. திருவல்லிக்கேணியில் மாடிப் போர்ஷன். ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு மேசை. நான் போய்ச் சேர்ந்த முதல் மூன்று மாதம் வரையவே விடவில்லை. ரோட்ரிங் மைப்பேனாக்களைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு அடைப்பு எடுப்பது, போர்டு வெட்டுவது, பென்சில் சீவுவது, இவ்வளவுதான். நாலாவது மாதம் சொல்லிக்கொடுத்ததும் வரைவதை இல்லை, அழிப்பதை.

மை போட்ட கோடு தப்பானால் மூன்று வழி. முதலாவது சுரண்டுவது. பாதி பிளேடை வளைத்துப் பிடித்துக்கொண்டு, படுக்கை வாட்டில், மூச்சு விடாமல் சுரண்ட வேண்டும். போர்டின் மேல்தோல் மட்டும் போக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் நார் எழும்பிவிடும். அந்த இடத்தில் மறுபடி பேனா பட்டால் மை ஊறி மயிர்க்கால் மாதிரி பரவும். அதனால் சுரண்டிய இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். அப்போதும் ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் சுரண்ட முடியாது. இரண்டாவது, வெள்ளை வைப்பது. வெள்ளை போஸ்டர் கலரைக் கெட்டியாகக் குழைத்து மூடுவது. அதன் மேல் கோடு போட்டால் காய்ந்த பிறகு விரிசல் விடலாம். மூன்றாவதுதான் ஒட்டு. முழுமுகமே சரியில்லை என்றால் தனியாக வரைந்து மேலே ஒட்டுவது. அதற்கு முகத்தை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும், கழுத்துக் கோடு ஒட்டின் விளிம்பில் உடையாமல் சேர வேண்டும்.

ஆக, கம்ப்யூட்டரில் போட்ட கோட்டை உடனே திரும்ப அழிக்கும் அன்டூ, காகிதத்தில் கிடையாது என்று சொல்வது தப்பு. இருந்தது. ஒவ்வொரு அன்டூவுக்கும் ஒரு விலையும் இருந்தது: பத்து நிமிஷம், ஒரு பிளேடு, போர்டின் தோல். அதனால் ஒரு தப்பைப் பார்த்ததும் கை உடனே பிளேடுக்குப் போகாது. 'இதோடு வாழ முடியுமா' என்று யோசிக்கும். மூக்குக் கோடு கொஞ்சம் நீண்டுவிட்டதா? சரி, இவள் நீண்ட மூக்குக்காரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தாடையையும் கொஞ்சம் இறக்கு. இப்படி ஒரு தப்பை அடுத்த கோடு தாங்கும், அதை அதற்கடுத்தது தாங்கும். படம் முடியும்போது, நினைத்திருந்த ஆள் போய் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பார். பாதி நேரம் அவர்தான் நல்ல ஆளாக இருப்பார். என் அக்கா அந்தப் படத்துக்குள் வந்து சேர்ந்ததும் இப்படி ஒரு நீண்ட மூக்கின் வழியாகத்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கையால் வரைவது என்றால் ஏதோ இயந்திரமே தொடாத புனிதக் காரியம் என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். பத்திரிகை ஓவியம் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. நாங்கள் வரைந்ததே ஒரு கேமராவுக்காக. அச்சில் வரும் அளவைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவோம். பிராசஸ் கேமரா அதைச் சுருக்கும்போது கையின் சின்ன நடுக்கமெல்லாம் மறைந்துபோகும். அடிக்கோடுகளை வெளிர்நீலப் பென்சிலில் போடுவோம். அந்தக் கேமராவின் ஃபிலிமுக்கு வெளிர்நீலம் வெள்ளையாகத்தான் தெரியும், அழிக்கும் வேலை மிச்சம். ஒட்டின் விளிம்பும் அதன் கண்ணில் படாது. எங்கள் சாருடைய காலத்தில் துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் அரிக்க வைத்து பிளாக் செய்தார்கள். கோடுகளை நெருக்கிப் போட்டால், நியூஸ்பிரிண்டில் மை பரவி அந்த இடமே கறுப்புத் திட்டாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்து ஆர்ட்டிஸ்டுகளின் கோடுகளுக்கு இடையே அவ்வளவு காற்று. 'என்ன ஒரு சிக்கனம், என்ன ஒரு தெளிவு' என்று நாம் இன்று வியக்கும் பாணியில் பாதியை வடிவமைத்தது அச்சு இயந்திரம். சார் இதை ஒளிக்காமல் சொல்வார்: "தம்பி, நான் போடற கோடு பாதிதான். மீதிய மெஷின் போடும். அது எப்படிப் போடும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுதான் தொழில்."

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மைக்கோடு போடுவதற்கு முன் பேனாவைக் காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே வைத்து, அந்தக் கோட்டைக் காற்றில் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்ப்பார். விமானம் இறங்குவதற்கு முன் வட்டமடிக்குமே, அந்த மாதிரி. பிறகு சட்டென்று இறக்குவார். ஒரே இழுப்பு. எனக்கு அது அவருடைய தனி வழக்கம் என்றுதான் எண்ணம். ரொம்பப் பின்னால், பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் ஓவியம் தீட்டுவதை 1946இல் படமெடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. சாதாரண வேகத்தில் பார்த்தால் பெரியவர் தூரிகையை எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து ஓட்டும்போதுதான் தெரிகிறது, துணியைத் தொடுவதற்கு முன் தூரிகை காற்றில் எத்தனை கோடுகளை யோசித்துக் கைவிடுகிறது என்பது. எழுபத்தைந்து வயது தாண்டிய, உலகமே கொண்டாடும் ஓர் ஓவியரின் கையும் திருவல்லிக்கேணி மாடியில் பார்த்த கை மாதிரியேதான் வட்டமடித்திருக்கிறது.

கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தது 1999 வாக்கில். முதலில் வரைய இல்லை, வண்ணம் தீட்ட. மைக்கோட்டில் வரைந்ததை ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் கலர் கொடுக்க வேண்டும். கையில் இருந்தது மவுஸ். அம்மிக் குழவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இதில் வேடிக்கை, கணினியில் வரைவது ஆரம்பித்ததே பேனாவில்தான். 1963இல் ஐவன் சதர்லாண்ட் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்கெட்ச்பேடை உருவாக்கியபோது ஒளிப்பேனாவைத் திரை மேலேயே வைத்துத்தான் வரைந்தார். இடையில் எங்களை மாதிரி ஆட்கள் பத்து வருடம் எலியோடு மல்லுக்கட்டியது யார் செய்த பாவமோ.

நான் பழகியது ஃபோட்டோஷாப்பின் நாலாவது பதிப்பில். அதில் அன்டூ ஒன்றே ஒன்றுதான். கண்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசிக் கோடு போகும். மறுபடி அழுத்தினால், போன கோடு திரும்ப வந்து நிற்கும். அதற்கு முந்தைய தப்புக்குப் போக வழியே இல்லை. எனவே அந்தக் காலத்து ஃபோட்டோஷாப்பில் எனக்குக் காகிதத்தில் இருந்த அதே எச்சரிக்கை இருந்தது. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹிஸ்டரி என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். 20 அடி பின்னால் போகலாம். எங்கள் அலுவலகத்துக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு நாங்கள் குதித்த குதி! இப்போது நான் ஐபேடில் பயன்படுத்தும் புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் 250 அடி பின்னால் போகலாம். இரண்டு விரலால் திரையைத் தட்டினால் போதும்.

கைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உண்மையில் என்னதான் வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். கோடு தரமாக வருகிறதா இல்லையா என்பது பழைய சண்டை, அது எப்போதோ முடிந்துவிட்டது. என்னுடைய முதல் பென் டேப்லட் 1024 நிலை அழுத்தம் உணரும் என்றார்கள். இன்றைக்கு வருபவற்றில் பலவும் 8192. ஆயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் என் கைக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. மாறியது தயக்கம் நடக்கும் இடம். காகிதத்தில் நான் கோட்டுக்கு முன்னால் தயங்கினேன், காற்றில். கண்ணாடித் திரையில் முதலில் போட்டுவிட்டு அப்புறம் தயங்குகிறேன்.

இது எனக்குத் தெரியவந்த விதம் கொஞ்சம் அவமானமானது. 2020 ஊரடங்கின்போது ஆன்லைனில் வகுப்பு எடுத்தேன். மாணவர்களுக்காக என் திரையைப் பதிவு செய்தேன். பிறகு வெட்டிச் சுருக்குவதற்காக அதைப் போட்டுப் பார்த்தால், ஒரு கிழவரின் மூக்குக்கு ஒரே கோட்டை 23 தடவை போட்டு 22 தடவை அழித்திருக்கிறேன். எண்ணினேன், அதனால் சொல்கிறேன். அழித்தவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான்காவது கோடு நன்றாக இருந்தது. கடைசியில் நான் வைத்துக்கொண்டது கிட்டத்தட்ட அதே கோடுதான், கொஞ்சம் செத்துப்போன கோடு. நடுவில் இருந்த 18 தடவையும் கை எதையோ தேடியிருக்கிறது என்று சொல்ல ஆசைதான். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சும்மா மென்றுகொண்டிருந்தது.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னிக்கு இதே கண்ணாடித் திரை வேறொன்றைக் காட்டியது. தான் வரைந்த படங்களைத் திரை திரும்ப ஓட்டிக் காட்டியபோதுதான், தான் வரைவதைத் தானே முதல் தடவையாகப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டி ஐஃபோனையும், 2010இல் வந்தவுடன் ஐபேடையும் கையிலெடுத்தவர் அவர். வசந்தம் பற்றி அவர் ஐபேடில் வரைந்த படங்கள் 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் பெரிது பெரிதாக அச்சிட்டுத் தொங்கின. அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். விடியலை வரைய! படுக்கையில் இருந்தபடியே, விளக்குப் போடாமல். காகிதமாக இருந்தால் வரைய விளக்கு வேண்டும், விளக்கைப் போட்டால் ஜன்னலுக்கு வெளியே விடியல் காணாமல் போகும். திரை தானே ஒளிர்வதால் இருட்டில் வரைய முடிந்தது.

அப்படியே தலைகீழ் எங்கள் சில்பி. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். நான் ஒருமுறை காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு ஐபேடை எடுத்துப் போனேன். பகல் பதினோரு மணி வெயிலில் திரையில் தெரிந்தது என் முகமும் வானமும்தான். பக்கத்தில் ஒரு பையன் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் யாளியை நிம்மதியாக வரைந்துகொண்டிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஜூம் பற்றிச் சொல்லாவிட்டால் தொழிலுக்குத் துரோகம். காகிதத்தில் படத்தின் அளவு என் உடம்போடு சம்பந்தப்பட்டது. பெரிய வளைவு என்றால் தோள் அசையும், சின்னது என்றால் மணிக்கட்டு, இமை என்றால் விரல் நுனி. திரையில் எல்லாமே ஒரே அளவு. இரண்டு விரலை விரித்தால் கண் இமை என் உள்ளங்கை அளவுக்கு வரும். அதையும் மணிக்கட்டிலேயே வரைவேன், ஆலமரத்தையும் மணிக்கட்டிலேயே வரைவேன். ஒரு சிறுவர் புத்தகத்துக்குப் பாட்டியின் காதில் பாம்படம் போட்டு ஒரு மணி நேரம் இழைத்தேன், ஒளி எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று. அச்சில் வந்த பிறகு மகளிடம் பெருமையாகக் காட்டினேன். "அது மச்சமாப்பா?" என்றாள்.

எங்கள் சார் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு பிளாக்கின் அளவு தலைக்குள் இருந்தது. இப்போது நான் செய்யும் தந்திரம்: அதே கோப்பை இன்னொரு ஜன்னலில் அச்சளவில் திறந்து வைத்துக்கொள்வது. பெரிய ஜன்னலில் கை வேலை செய்யும். சின்ன ஜன்னலில்தான் படம் இருக்கும்.

திருத்தத்தின் விலை எனக்கு மட்டும் குறைந்திருந்தால் பரவாயில்லை. எடிட்டருக்கும் குறைந்துவிட்டது. முன்பு ஒரு படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்து, நான் ஒட்டுப் போட்டு, அவன் காத்திருந்து வாங்கிப் போக வேண்டும். அதனால் கதாநாயகிக்கு ஆறு விரல் இருந்தாலொழியக் கேட்க மாட்டார்கள். இப்போது வாட்ஸ்ஆப்பில் வருகிறது: "சார், சூப்பர்! புடவை மட்டும் பச்சையா மாத்திடுங்களேன்." மாற்றினால், "ப்ளூ ட்ரை பண்ணலாமா?" அப்புறம், "முதல்ல இருந்ததே பெட்டர் சார்." கூடவே ஒரு கும்பிடும் பொம்மை. கம்ப்யூட்டர்தானே, ஒரு நிமிஷம்தானே என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒரு நிமிஷத்துக்குப் படி கொடுக்கும் பத்திரிகையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். அண்ணா சாலையில் சினிமா பேனர் வரைந்தவர்களுக்குச் சோறே போனது. ஒரு சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபது அடித் துணியில் போட்டு, சாரத்தில் ஏறி நின்று ஒரு கன்னத்தை மட்டும் அரை நாள் தீட்டுவார்கள். கிட்டே நின்றால் வெறும் ரோஜாக் கலரும் நீலமும். பேருந்திலிருந்து பார்த்தால் சிவாஜி. ஃப்ளெக்ஸ் அச்சு வந்து சில வருடங்களிலேயே அந்தத் தொழில் சாய்ந்தது. கையா கணினியா என்று உட்கார்ந்து ரசனையாகப் பேச அவர்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் திரும்பிப் போகவில்லை? முதல் காரணம் கண். நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்தது. 0.2 பேனா நுனி காகிதத்தைத் தொடும் இடம் எனக்கு மங்கல். இரண்டு விரல் விரிப்பைத் திட்டிவிட்டு அதே விரல்களால் பிழைக்கிறேன். பத்திரிகை ஓவியர் கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகினார். அதை நினைத்தால் என் புகார்கள் எல்லாம் சின்னதாகிவிடும்.

இரண்டாவது வண்ணம். போஸ்டர் கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். மாலை வானத்துக்கு நான்கு விதமாக யோசிக்க நான்கு போர்டு வேண்டும். இப்போது அரை மணி நேரத்தில் பத்து மாலைகளைப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய ஏக்கமே கிடையாது. மூன்றாவது, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் பார்க்கும் வசதி. முகம் கோணியிருப்பது திருப்பினால் பளிச்சென்று தெரியும். சார் இதற்காகப் படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடிப்பார். போர்டு கனமாக இருந்தால் சலூன் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்திருந்தார், அதன் முன்னால் போய் நிற்பார்.

மூலப்படம் என்ற விஷயத்தில் மட்டும் இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. காகிதத்தில் வரைந்ததில் பாதியைப் பத்திரிகை அலுவலகங்கள் திருப்பித் தரவில்லை. திரும்பி வந்ததில் ஒரு கட்டைக் கரையான் தின்றது. கணினியில் வரைந்ததில் மூன்று வருட வேலையை 2011இல் ஒரு ஹார்டு டிஸ்க் ஒரே ராத்திரியில் விழுங்கியது. கரையானாவது ஓரத்தை மிச்சம் வைத்தது. 1985 ஜூலையில், நியூயார்க் லிங்கன் சென்டரில் அமீகா கணினியின் அறிமுக விழாவில், அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோல், பாடகி டெபி ஹாரியின் படத்தை மேடையிலேயே அந்தக் கணினியில் போட்டுக் காட்டினார். அதே காலத்தில் அவர் அமீகாவில் போட்டுப் பார்த்த வேறு படங்கள் ஃப்ளாப்பிகளில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்ற மாணவர்கள் போராடி மீட்ட பிறகு 2014இல்தான் அவை வெளியே தெரிந்தன. அவற்றில் ஒன்றில், பழைய இத்தாலிய ஓவியர் போத்திசெல்லியின் வீனஸ் தேவதைக்கு மூன்று கண். ஒரு கண்ணை நகலெடுத்து நெற்றியில் ஒட்டியிருக்கிறார். கணினி கையில் கிடைத்ததும் முக்கண் போட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறது மனுஷனுக்கு. நமக்குத் தெரியாத ஆளா?

கிண்டல் இருக்கட்டும். அந்த ஃப்ளாப்பிகளில் கிடைத்தது முடிந்த படங்கள். நடுவில் எத்தனை கண்ணை எங்கெங்கே ஒட்டிப் பார்த்தார் என்பது போய்விட்டது. என் கோப்புகளிலும் அப்படித்தான். கடைசியில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரைந்த லேயரையெல்லாம் ஒன்றாக்கி அனுப்பிவிடுவேன். நான் அழித்த 22 மூக்குகளைப் பற்றிக்கூட, தற்செயலாகப் பதிவு செய்ததால்தான் எனக்கே தெரியும்.

இப்போது என் வழக்கம் இதுதான். முதல் யோசனை காகிதத்தில். மின்கட்டண ரசீதின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், எது கிடைத்தாலும். தீப்பெட்டி அளவில் ஐந்தாறு. அந்த அளவில் மூக்கு வரைய இடமே இல்லை, அதனால் ஆள் எங்கே நிற்கிறான், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தீர்மானமாகும். அதைப் போனில் படமெடுத்து ஐபேடில் அடியில் போட்டு மேலே வரைவேன். மைக்கோட்டுக்கு ஒரே ஒரு லேயர். அன்டூ மூன்று தடவைக்கு மேல் என்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். நிறைய தண்ணீர் குடிக்கிறேன்.

என்னிடம் பழகும் ஒரு பெண் பள்ளிக்கூட நாளிலிருந்தே டேப்லட்டில்தான் வரைகிறாள். என்னைவிட வேகம், வண்ணம் பற்றிய ஞானமும் அதிகம். ஒருநாள் ஏ4 தாளும் மை பேனாவும் கொடுத்து, தெருவில் நிற்கும் இஸ்திரிக்காரரை மாடியிலிருந்து வரையச் சொன்னேன். தலையில் ஆரம்பித்தாள். அருமையான தலை. தோள், வேட்டி, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை, எல்லாம் வந்தது. முழங்காலோடு தாள் முடிந்துவிட்டது. திரையாக இருந்தால் மொத்தத்தையும் பிடித்துச் சுருக்கி மேலே தள்ளியிருப்பாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், கீழ இன்னொரு பேப்பர் ஒட்டிக்கட்டுமா?"

செல்லோடேப் எடுத்துக் கொடுத்தேன். ஒட்டி, பாதத்தையும் வண்டிச் சக்கரத்தையும் வரைந்தாள். ஒட்டின இடத்தில் வேட்டிக் கரை ஒரு நூல் அளவு விலகியிருந்தது. அதை அவள் மடிப்பாக மாற்றிக்கொண்டாள். நான் எதுவும் சொல்லித்தரவில்லை.

அலமாரியில் கிடைத்த படத்துக்கு வருகிறேன். உதிர்ந்த முகத்தை மறுபடி ஒட்டவில்லை. படத்தையும் துண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். கதையைச் சொல்லி, அன்றைக்குப் பயந்து மறைத்ததையும் எழுதினேன். சாயங்காலம் குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசில்.

"யாருடா இது, இவ்ளோ நீள மூக்கு? உதிர்ந்து கிடக்குதே, அந்தச் சின்னத் துண்டு, அதுதான்டா என்னை மாதிரி இருக்கு."